புதுக் கார் பெயிண்டில் மங்கலும் தழும்பும்: குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் புதுக் கார் எடுத்தவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, பெயிண்டு மங்குன மாதிரி தெரியுது. ஒரு வேக்ஸ் போட்டா சரியாயிருமா?" வண்டியைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர் மங்கல் என்று சொல்வது போர் தண்ணீர்க் கறையாக இருக்கலாம், துணியால் துடைத்த கீறலாக இருக்கலாம், முந்தின தடவை தடிப்பாகப் போட்ட வேக்ஸாகவே இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மாற்றிச் செய்தால், திரும்பக் கிடைக்காத ஒன்றைத் தேய்த்து எடுத்துவிடுவோம்.

திரும்பக் கிடைக்காதது கிளியர் கோட். தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே இன்றைய கார்களில் சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். 2016-ல் மத்திய அரசு பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு விதித்த குறைந்தபட்ச கனமே 50 மைக்ரான். அதைவிட மெல்லிய தோல் இது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் இந்தத் தோலில்தான் இருக்கின்றன. பாலிஷ் போடும்போது இதைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறோம். வேக்ஸ் போடும்போது, இதற்குப் பதிலாகத் தேய்ந்து போகட்டும் என்று மேலே ஒரு படலம் பூசுகிறோம். நம் ஊர்க் கடைகளில் இரண்டையும் சேர்த்து "வேக்ஸ் பாலிஷ்" என்று ஒரே பெயராகச் சொல்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் இரண்டில் எதைச் செய்யப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

"புது வண்டிக்கு ஆறு மாசம் வேக்ஸ் போடக் கூடாது" என்று ஒரு பேச்சு உண்டு. தொழிற்சாலை பெயிண்டை 140 டிகிரி அளவு சூட்டில் வைத்துத்தான் காயவைக்கிறார்கள். அது முழுசாகக் காய்ந்துதான் உங்கள் கைக்கு வருகிறது. எடுத்த அன்றைக்கே போடலாம். டிங்கரிங் கடையில் அடித்த பெயிண்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

குறையைக் கண்டுபிடிக்க

வண்டியை நிழலில் கழுவித் துடையுங்கள். ஒரு மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை லேசாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்வாகப் பாருங்கள். கடைசியாக ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் பாதுகாப்புப் படலம் இருக்கிறது. தட்டையாகப் பரவி அப்படியே நின்றால் இல்லை.

வெள்ளை வட்டங்கள், சுண்ணாம்பு தெறித்த மாதிரி

நம் பக்கம் அதிகம் வருவது இதுதான். தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாயில் சோப்பு நன்றாக நுரைக்கும். அதே தெருவில் போர் தண்ணீரில் நுரைக்காது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் பல போர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், துளி காய்ந்ததும் பெயிண்டில் வட்டமாக நின்றுவிடுகின்றன. வெயிலில் கழுவினால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

புதிதாக வந்த வட்டம் என்றால் ஷாம்பு போட்டுக் கழுவினாலே போய்விடும். போகவில்லையா? வெள்ளை வினிகரும் உப்பில்லாத தண்ணீரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறையின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். தகரம் குளிர்ந்திருக்க வேண்டும். வினிகர் அதன் மேல் காயக் கூடாது. எடுத்ததும் ஷாம்பு போட்டு நன்றாக அலசுங்கள். வினிகர் பழைய வேக்ஸையும் கரைத்துவிடும், அதனால் அந்த இடத்துக்கு மறுபடி வேக்ஸ் போட வேண்டும். எலுமிச்சம்பழத்தை நறுக்கி நேராகத் தேய்ப்பவர்கள் உண்டு. அமிலம் கூடுதல், வெயிலும் சேர்ந்தால் கறையை எடுக்கப் போய் வேறு தழும்பு வரும். வேண்டாம்.

வினிகருக்குப் பிறகும் வட்டம் தெரிகிறது, நகத்தால் தொட்டால் மேலே ஒன்றும் இல்லை என்றால், உப்பு கிளியர் கோட்டைக் கொஞ்சம் அரித்துவிட்டது. இனி லேசான பாலிஷ்தான்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து வண்டி கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் ஒதுக்கின உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதை டயருக்கும் கால்மிதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்டில் ஊற்றாதீர்கள். ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது. உப்பு ஏறக்குறைய இருக்காது. சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் கடைசி அலசலுக்கு அதைப்போல் நல்லது வேறில்லை. மழைத் தண்ணீரும் அப்படியே.

வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை

நிழலில் கண்ணாடி போல் இருக்கும். வெளியே எடுத்தால் சூரியன் பிரதிபலிக்கிற இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டமாகத் தெரியும். கறுப்பு, அடர் நீலம், சிவப்பு வண்டிகளில் நன்றாகத் தெரியும். வெள்ளையிலும் இருக்கிறது, கண்ணுக்குப் படுவதில்லை.

ஏறக்குறைய எல்லாமே துடைத்ததால் வந்தவை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். திசையன்விளை பக்கம் தேரி மணலும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி வெளியே நின்ற வண்டியில் காலையில் ஒரு படலம் மணல் இருக்கும். அதை உலர்ந்த துணியாலோ இறகுக் கட்டையாலோ ஒரு இழுப்பு இழுத்தால், உப்புத்தாள் போட்ட மாதிரிதான். தினமும் காலையில் அக்கறையாக வண்டி துடைக்கிறவர்களின் வண்டியில்தான் கோடு அதிகம் என்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அத்தனை நேரம் செலவழித்துத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்தாலும் துணியைக் கவனியுங்கள். சேறான வண்டியின் அடிப்பகுதியைத் துடைத்த பனியன் வேஸ்ட் துணியே அடுத்த வண்டியின் பானெட்டுக்கு வரும். "தண்ணி அடிச்சு, ஷாம்பு நுரை போட்டு அலசிக் குடுங்க, துடைக்க வேண்டாம், நான் துடைச்சுக்கிறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. புது வண்டி எடுக்கும்போதும் இப்படிக் கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து டிரெய்லரில் வந்து, யார்டில் வாரக்கணக்கில் நின்று, டெலிவரிக்கு முந்தின நாள் அவசரமாகத் தேய்த்துத்தான் பல வண்டிகள் கைக்கு வருகின்றன. முதல் கோடு அங்கேயே விழுந்துவிடும்.

சரி, விழுந்த கோட்டுக்கு என்ன செய்வது? வேக்ஸ் அந்தக் கோடுகளை நிரப்பிச் சில வாரம் மறைக்கும், அவ்வளவுதான். நிஜமாக எடுக்க வேண்டுமென்றால் பாலிஷ். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது ஆழமான கீறல், பாலிஷில் முழுசாகப் போகாது, அதைத் துரத்த வேண்டாம். சிக்காவிட்டால், கடைசிக்கட்டத்துக்கு உரிய மிக மென்மையான பாலிஷை, மென்மையான ஸ்பாஞ்ச் பேடில் தொட்டு, சுற்றிக்கொண்டே ஆடுகிற டி.ஏ. மெஷினால் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். போதும் என்றால் அதோடு நிறுத்த வேண்டும். அதிகமாகச் சுரண்டுகிற முரட்டுப் பாலிஷான காம்பவுண்டில் ஆரம்பிக்கவே கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் முந்தைய வண்டியை ஒரு கடையில் "ரப்பிங்" செய்யக் கொடுத்திருந்தேன். ஒரே திசையில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினை பானெட்டின் மடிப்பு விளிம்பில் சில நொடி நிறுத்திவிட்டார்கள். விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு. கிளியர் கோட் போய், ஒரு விரல் நீளத்துக்கு நிறம் வெளுத்து வந்தது. அந்த பானெட்டை மறுபடி பெயிண்ட் அடிப்பது தவிர வழி இருக்கவில்லை. மெஷின் பாலிஷ் யார் போட்டாலும் விளிம்புகளிலும் கதவு மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்ட மாட்டோம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி கோடு விழாமல் கழுவ: முதலில் தண்ணீரை மேலிருந்து கீழாக வேகமாக அடித்து மணலைத் தள்ள வேண்டும். இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கழுவுகிற மெத்தென்ற கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்து, கதவின் அடிப்பகுதி கடைசி. வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். துவட்டும்போது பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். கீழே விழுந்த துணி அன்றைக்குத் திரும்ப வண்டியைத் தொடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் வேக்ஸை எடுத்துவிடும்.

கழுவியும் சொரசொரப்பு

கவர் போட்டுத் தடவும்போது மணல் ஒட்டின மாதிரி இருந்தால், ஏதோ பதிந்திருக்கிறது. பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளப் பக்கமிருந்தும் வரும் இரும்புத் தூள், பக்கத்து வீட்டுக் கட்டட வேலையின் சிமெண்டுத் தூள், கேட்டுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தபோது பறந்து வந்த துளி. வெள்ளை வண்டியில் துருப்பிடித்த சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது இரும்புத் தூள். தகரம் துருப்பிடித்ததாக நினைத்துப் பயப்பட வேண்டாம். இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் திரவத்தை அடித்தால் அந்த இடம் ஊதா நிறமாக ஓடும். அலசிய பிறகு, மிச்சம் இருப்பதை கிளே பாரால் (பதிந்த தூளை ஒட்டி எடுக்கிற களிமண் போன்ற கட்டி) எடுங்கள். நிறைய ஷாம்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் வழுக்க விட வேண்டும். கிளே கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தாருக்குக் கிளே தேவையில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டுச் சில நிமிடம் ஊறவிட்டால் இளகும், மெதுவாக ஒற்றி எடுத்து ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம். மழை கழிந்த ராத்திரியில் வண்டியின் முகப்பில் அப்பின ஈசலுக்கு ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் போதும்.

பறவை எச்சம், மயில் கொத்தல்

எச்சத்தில் இருக்கும் அமிலம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெயில்: கிளியர் கோட் சூட்டில் இளகி விரியும், மேலே எச்சம் காய்ந்து இறுகும், சாயங்காலம் பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவம் அதில் பதிந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் இதற்கு ஒரு பகல் போதும். ஆகவே பார்த்த உடனே எடுக்க வேண்டும், ஆனால் சுரண்டக் கூடாது; எச்சத்தில் விதையும் மண்ணும் இருக்கும். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டுத் தூக்குங்கள். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். கூந்தன்குளம் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் வண்டியை மரத்தடியில் விடாதீர்கள். அங்கே ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரை கூடு கட்டும்.

கதவின் கீழ்ப் பாதியிலும் பம்பரிலும் கொத்துக் கொத்தாகச் சின்னக் குழிகளும் கீறல்களும் இருந்தால், யாரோ வேண்டுமென்று கிழித்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் சண்டைக்குப் போக வேண்டாம். மயில் தன் உருவத்தைப் பளபளப்பில் பார்த்து, வேறு மயில் என்று நினைத்துக் கொத்துகிறது. தோட்டத்தையும் வயலையும் ஒட்டின வீடுகளில் இது நடக்கிறது. வேக்ஸ் இதைத் தடுக்காது. கண்ணாடி போல் மின்னுகிற வண்டியில் உருவம் இன்னும் தெளிவாகத் தெரியும். மயில் நடமாடுகிற நாட்களில் பகலில் வண்டிக்குக் கவர் போடுவதுதான் வழி. கவரின் உள்பக்கம் மெத்தென்ற துணியாக இருக்க வேண்டும், காற்றில் ஆடாமல் அடியில் கட்ட வேண்டும், மணல் படிந்த வண்டிமேல் போடக் கூடாது.

பூஜைக்குப் பிறகு மஞ்சள், குங்குமக் கறை

நெல்லையப்பர் கோயில் வாசலில் நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைக்காமல் நம் ஊரில் புது வண்டி ஓடாது. ஓடவும் வேண்டாம். வைக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். முன்கண்ணாடியில் ஒரு ஓரமாக வைக்கச் சொன்னால் பூசாரி வைத்துக் கொடுப்பார். பானெட்டில் வைத்தாயிற்று என்றால், காய்ந்த சந்தனத்தைத் தட்டி உதிர்க்காதீர்கள். ஈரத்துணியில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது, அன்றைக்கே அலசிவிடுங்கள்.

வெள்ளை வண்டியில் மஞ்சள் நிறம் மட்டும் தங்கிவிட்டால் காம்பவுண்டு எடுக்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். சாயக் குங்குமம் அப்படிப் போகாது. ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். பூமாலையில் கம்பி இருக்கும். பானெட்டில் மாலை ஆட ஆட வீடு வரை ஓட்டி வந்தால் அரைவட்டமாகக் கீறிவிடும். பூஜை முடிந்ததும் கழற்றி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேக்ஸ் போட்ட பிறகு திட்டுத்திட்டாக மங்கல்

தடிப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது சூடான தகரத்தில் போட்டிருக்கிறீர்கள். துடைக்கத் துடைக்க இழுபடும், வராது. பலம் கொடுத்துத் தேய்க்காதீர்கள். வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, அதே வேக்ஸை மிக மெல்லிசாக மேலே தடவி உடனே துடையுங்கள். புது வேக்ஸில் இருக்கும் கரைப்பான் பழையதை இளக்கி எடுத்துவிடும்.

முறையாகப் போட: காலை எட்டு மணிக்கு முன், தகரம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது. ஆடிக் காற்றில் திறந்த வெளியில் போட்டால் தூசி வேக்ஸில் ஒட்டும், துடைக்கும்போது அதுவே கீறும். போர்டிகோவுக்குள் வைத்துச் செய்யுங்கள். பானெட், கதவு என்று ஒவ்வொரு பாகமாக. ஒரு பாகத்துக்கு ஒரு ரூபாய் நாணய அளவு வேக்ஸ் போதும். தடவியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பில்லாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். துணியை நாலாக மடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டிக்கு இது எதுவும் செய்யக் கூடாது.

கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டால், பழைய டூத் பிரஷ்ஷில் நுரையைத் தொட்டுத் தேய்க்கலாம். முன்பே டேப் ஒட்டியிருந்தால் அந்த வேலையே இல்லை.

வேக்ஸ் சீக்கிரமே போய்விடுகிறது

போட்ட இரண்டாம் வாரமே தண்ணீர் தட்டையாக நிற்கிறது என்றால், அழுக்கின் மேலோ பழைய எண்ணெய்ப் பசையின் மேலோ போட்டிருக்கிறீர்கள், பிடிக்கவில்லை. கிளே போட்டு, ஆல்கஹால் கலவையால் துடைத்து, மறுபடி போடுங்கள். இன்னொரு காரணம் சோப்பு. இரண்டும் இல்லையென்றால் வெயில்தான். கார்னௌபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து எடுக்கிற மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அப்படியும் வெயிலிலேயே நிற்கிற வண்டியில் எனக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் நின்றதில்லை. வேக்ஸ் மாதிரியே மேலே பூசுகிற செயற்கை பாலிமர் சீலன்ட் நாலைந்து மாதம் வருகிறது. அதனால் நான் சித்திரை வெயிலுக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை சீலன்ட் போடுகிறேன். வேக்ஸ், பொங்கலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்கரையில் குடியிருக்கிறவர்கள் இன்னும் ஒரு தடவை கூட்டிக்கொள்ளலாம்.

பெயிண்டின் மேல் பூசினால் இறுகிக்கொள்கிற செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் அடியில் கோடு இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். போடும் முன் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். "டெஃப்லான் கோட்டிங்" என்று விற்பதற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். தோசைக்கல்லில் அதை 300 டிகிரிக்கு மேல் சுட்டுத்தான் ஒட்டவைக்கிறார்கள். காரின் மேல் கையால் தடவினால் அப்படி ஒட்டாது.

முகப்பில் கல் பட்ட புள்ளிகள்

44-ம் எண் நான்குவழிச் சாலையில் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் அடிக்கடி போனால் இது வரும். வேக்ஸும் செராமிக்கும் கல்லைத் தாங்காது. தாங்குவது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பி.பி.எஃப். ஃபிலிம்தான், அதாவது பெயிண்டின் மேல் ஒட்டுகிற நிறமில்லாத பாதுகாப்புத் தாள். வண்டி முழுக்க ஒட்ட விலை அதிகம்; பம்பருக்கும் பானெட் முன்பகுதிக்கும் மட்டும் ஒட்டலாம். விழுந்த புள்ளியில் தகரம் தெரிந்தால் அதே நிறக் குறியீட்டில் டச்சப் பெயிண்ட் வாங்கி, தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். மழைக்காலத்துக்குள் வைக்காவிட்டால் துரு பிடிக்கும்.

டிங்கரிங் கடையில் அடித்த பம்பர்

அங்கே அறுபது டிகிரி அளவு சூட்டில்தான் காயவைப்பார்கள், சில கடைகளில் வெயில்தான். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வாரக்கணக்கு ஆகும். வேக்ஸ் போட்டு மூடினால் பெயிண்ட் மங்கும், கொப்பளிக்கவும் கூடும். எந்தப் பெயிண்ட் அடித்தார்கள் என்று கேட்டு அந்தக் கம்பெனி சொல்லும் நாள் வரை காத்திருங்கள். பொதுவாக 30 முதல் 90 நாள். அதுவரை வெறும் தண்ணீரும் கார் ஷாம்பும் மட்டும். அந்த பம்பரில் எச்சம் விழுந்தால் மற்ற இடத்தைவிட வேகமாக எடுக்க வேண்டும்.